கறிவேப்பிலைக்கு யார் தண்ணீர் ஊற்றுவது

அக்டோபர் 10

செடிகளை இன்று உள்ளே கொண்டுவந்தோம். ‘கொண்டுவந்தோம்’ என்பது ஒரு மரியாதைக்கு. நான் தூக்கினேன். நவநீதன் பால்கனிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு “பாத்து, பாத்து” என்றான்.

இரவு உறைபனி விழும் என்று வானிலைச் செய்தி. மினியாபோலிஸில் இது எனக்கு மூன்றாவது குளிர்காலம், செடிகளோடு முதலாவது. அவை என்னுடையவை அல்ல, என் மாமியாருடையவை. ஜூனில் வந்தார், போன வாரம்தான் கோபிசெட்டிபாளையத்துக்குத் திரும்பிப் போனார். நடுவில் எங்கள் நாலாம் மாடி பால்கனியைக் கொல்லைப்புறமாக்கிவிட்டார். இடுப்பளவு வளர்ந்த கறிவேப்பிலை, துளசி, கற்பூரவள்ளி, யாரையும் மதிக்காமல் பரவும் புதினா.

இந்த வீட்டில் வெயில் வரும் ஜன்னல் ஒன்றுதான். அதன் அடியில் என் மேஜை இருந்தது. இப்போது அங்கே தொட்டிகள் இருக்கின்றன. மேஜை ஃபிரிட்ஜுக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவே ஒடுங்கி நிற்கிறது. இதை எழுதும்போது ஃபிரிட்ஜ் என் காதருகே உறுமுகிறது.

உள்ளே கொண்டுவருமுன் ஒவ்வொரு செடியையும் குளியல் தொட்டியில் நிறுத்திப் பாத்திரச் சோப்பு கலந்த தண்ணீரால் இலையின் அடிப்பக்கம் துடைத்தேன். வெளியிலிருந்து பூச்சி உள்ளே வந்துவிட்டால் குளிர்காலம் முழுக்கப் போகாதாம். கறிவேப்பிலையின் கணுக்களில் வெள்ளையாக மாவுப்பூச்சி. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஒவ்வொன்றாக எடுத்தேன். முதுகு போய்விட்டது.

விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றபடி அத்தை திரும்பிச் சொன்னது மறக்குமுன் எழுதிவைக்கிறேன். மெதுவாகச் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

“அம்மிணி, அந்த மூணு நாளு மட்டும் நீ செடி கிட்டப் போகாத. நவநீ ஊத்தட்டும். கருவேப்பிலை பொசுக்குன்னு பட்டுப்போயிரும், ஆமா.”

வரிசையில் தமிழ் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்திருப்பார். லேப்டாப் பையோடு நின்ற ஒரு பையன் திடீரென்று தன் ஷூவை மிகக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தான்.


அக்டோபர் 14

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோ அழைப்பு. அங்கே அப்போதுதான் விடியும். அத்தை வாசல் கூட்டி, காபியோடு உட்கார்ந்து, “எங்க, என்ற புள்ளைகளக் காட்டு” என்பார். புள்ளைகள் என்றால் செடிகள். போனை அரிசி டின்மேல் சாய்த்து வைத்துவிட்டு நான் தண்ணீர் ஊற்ற வேண்டும். அவர் பார்க்க வேண்டும்.

“வேருக்குப் போறாப்புல ஊத்து. மேலாப்புல தெளிக்காத.”

“சரிங்கத்தை.”

“இன்னுங் கொஞ்சம்.”

“சரிங்கத்தை.”

ஒரு நாளில் நான் பேசும் தமிழில் பாதி ‘சரிங்கத்தை’தான்.


அக்டோபர் 29

அத்தையிடம் எதையும் சொல்லக்கூடாது என்பதைக் கோடையிலேயே கற்றுக்கொண்டேன். ஆகஸ்டில் கடைவாய்ப் பல்லில் வலி என்றேன். மறுநாள் காலை திருப்பூரிலிருந்து நங்கையா (நவநீதனின் அக்கா, பெயர் கலையரசி) கிராம்பு வைக்கச் சொல்லி அழைத்தார். மாலையில் கோபியில் யாரோ ஒரு பல் டாக்டரின் எண்ணை அனுப்பினார்கள். அந்த டாக்டர் அத்தையின் எதிர் வீட்டுக்காரரின் மருமகன்.

கெட்ட எண்ணம் கொஞ்சமும் கிடையாது. செய்தி என்பது அவருக்கு முறுக்கு மாதிரி. சுட்டால் நாலு வீட்டுக்குக் கொடுக்க வேண்டும்.

நான் வேறு மாதிரி. என் அம்மாவுக்கே என்னைப் பற்றிப் பாதிதான் தெரியும். பள்ளியில் எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டதைக்கூட ஒரு வருஷம் யாரிடமும் சொல்லாமல் முன் பெஞ்சில் போய் உட்கார்ந்து சமாளித்தேன். அது பெருமையில்லை, சுபாவம்.


நவம்பர் 8

இன்று நவநீதன் ஊற்றினான்.

நான்தான் சொன்னேன். ஒரு சண்டையைத் தவிர்க்கலாம் என்று நினைத்தேன். சோபாவில் புத்தகத்தோடு, கேமராவில் படாமல் உட்கார்ந்திருந்தேன்.

“ஏன்டா நீ ஊத்தற? சாரு எங்க?” என்றார் அத்தை.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு போனைப் பார்த்தான். இருபத்தொன்பது வயது. வேலையில் ஐந்து பேரை மேய்ப்பவன். “அவ... இருக்கறாம்மா” என்றான்.

“ஓ.”

ஒரு நிமிஷம் காபி உறிஞ்சும் சத்தம் மட்டும். பிறகு, “சரி போச்சாது. அடுத்த மாசம் பாத்துக்கலாம்.”

அடுத்த மாதம் என்ன பார்த்துக்கொள்வது? யார் பார்த்துக்கொள்வது? புத்தகத்தில் ஒரே வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. என் உடம்புக்குள் நடப்பதைக் கடல் தாண்டி ஒருவர் காபி குடித்துக்கொண்டே வாசிக்க முடிகிறது. அதற்கு அவருக்குத் தேவைப்படுவது தண்ணீர் ஊற்றும் கை யாருடையது என்று பார்ப்பது மட்டும்.


நவம்பர் 10

முடிவு செய்துவிட்டேன். இனி எல்லா நாளும் நான்தான் ஊற்றுவேன்.

“அம்மாவுக்குத் தெரிஞ்சா?” என்றான் நவநீதன்.

“எப்படித் தெரியும்? செடி சொல்லுமா?”

“வாடிருச்சுன்னா?”

“நீயும் அதை நம்பறியா?”

“நம்பல. ஆனா வாடிருச்சுன்னா?”

இவனோடு பேசுவதைவிடப் புதினாவோடு பேசலாம்.


நவம்பர் 27

பனி கொட்டிக்கொண்டே இருக்கிறது. ஹீட்டர் இரவும் பகலும் ஓடுகிறது. என் உதடு வெடிக்கிறது, கறிவேப்பிலை மஞ்சளாகி உதிர்கிறது. காலையில் ஜன்னலடியில் கூட்டினால் ஒரு கைப்பிடி. மண்ணிலிருந்து கடுகளவு கறுப்பு ஈக்கள் கிளம்பிக் காபிக்குள் விழுகின்றன.

நான் பகுதி நேரமாக வேலை பார்க்கும் நூலகத்தில், திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கும்போது வீட்டுச் செடிகள் பற்றி ஒன்று கிடைத்தது. நின்றுகொண்டே படித்தேன். வெப்பநாட்டுச் செடி குளிர்காலத்தில் தூங்குமாம். இலை உதிர்வது சாவு அல்ல. மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, உள்ளேயும் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்ற வேண்டும். வீட்டுக்குள் செடிகள் குளிரில் சாவதைவிடப் பாசத்தில் சாவதே அதிகம் என்று எழுதியிருந்தது.

மாலை அத்தையிடம் இதைச் சொன்னேன்.

“புத்தகம் எழுதுனவன் கருவேப்பிலை போட்டு ரசம் வெச்சிருக்கறானா?”

“தெரியலைங்கத்தை.”

“அப்பறம் என்ன. ஊத்து.”

ஊற்றினேன்.


டிசம்பர் 6

நான்தான் ஊற்றினேன். வயிற்று வலியோடு, நிமிர்ந்து, கேமராவுக்கு நேராக நின்று. அத்தை ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. செடிகளும்.

இவ்வளவு சின்ன வெற்றிக்கு இவ்வளவு சந்தோஷப்படக்கூடாது.


டிசம்பர் 7

இன்றும்.


டிசம்பர் 19

அத்தைக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. திட்டுவதே இல்லை. கறிவேப்பிலையில் பாதி இலை போய்விட்டது. அதைக் காட்டினால், “அது கெடக்குது போ, தளுத்துக்கும். நீ எதுக்குக் குனிஞ்சு குனிஞ்சு ஊத்தற? ஸ்டூலப் போட்டு உக்காந்துக்க” என்கிறார். தொட்டியை வெயில் பக்கம் திருப்பப்போனேன். “அதத் தூக்காத. நவநீ இல்லையா அங்க? அவன நவுத்தச் சொல்லு.”

கோடையில் இதே தொட்டியை என்னைத்தான் தூக்கவைத்தார்.

எனக்குச் சளி பிடித்திருப்பது குரலில் தெரிந்திருக்கலாம்.


டிசம்பர் 29

நவநீதன் இன்று விடுப்பு எடுத்திருந்தான். ஏன் என்று சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. உறைந்த ஏரியின் கரையில் நடந்தோம். ஆட்கள் பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் என் கையுறைக்குள் தன் கையையும் நுழைக்கப் பார்த்ததில் கையுறை கிழிந்துவிட்டது.

சாயங்காலம் செடிகளுக்கு ஊற்றினேன். இன்று எழுதுவதற்கு வேறொன்றுமில்லை.


ஜனவரி 4

நேற்றும் இன்றும் நான்தான் ஊற்றினேன். குறித்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

பேச்சோடு பேச்சாகப் பழக்கடைக்குப் போனதைச் சொன்னேன்.

“பப்பாளி வாங்குனயா?” என்றார் அத்தை.

“இல்லைங்கத்தை. ஆரஞ்சு.”

“பப்பாளி வாங்காத. அன்னாசியும் வேண்டாம்.”

இந்த நாட்டுப் பழங்களில் மருந்து அடிக்கிறார்கள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அப்படித்தான் இருக்கும். வேறெதையும் நான் யோசிக்கப்போவதில்லை.


ஜனவரி 15

பொங்கல். குக்கரில் வைத்த பொங்கல் அடிப்பிடித்தது. அது பரவாயில்லை.

நங்கையா வாழ்த்துச் சொல்ல அழைத்தார். வாழ்த்து முடிந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“வாந்தியெல்லாம் இருக்குதா?”

“எதுக்குங்க நங்கையா?”

“அட, எங்கிட்டயே மறைக்கறயா? மூணு மாசம் முடியாம வெளிய சொல்லக்கூடாதுன்னு எனக்குந் தெரியும். நானென்ன வெளியாளா? அம்மா எல்லாஞ் சொல்லீட்டாங்க.”

“என்ன சொன்னாங்க?”

“தெனமும் நீதான் செடிக்குத் தண்ணி ஊத்தறயாமா. கார்த்திகையிலிருந்தே ஒரு நாள் விடாம. அம்மா பாத்துட்டேதான இருக்கறாங்க.” சிரித்தார். “அந்தக் கருவேப்பிலைதான் மொதல்ல சேதி சொல்லுச்சுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாங்க.”

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்திருக்க வேண்டும். பால் எப்போதோ பொங்கி முடிந்திருந்தது.

என் விஷயத்தை மறைக்கத்தானே நான் ஊற்ற ஆரம்பித்தேன். மறைத்ததன் பலன், இல்லாத ஒன்று ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. இதை ஒரு கதையில் படித்திருந்தால் ஆசிரியர் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டார் என்று பக்கத்தைப் புரட்டியிருப்பேன்.

நவநீதன் வேலையிலிருந்து வந்ததும் சொன்னேன். அவன் ஆச்சரியப்படவில்லை.

“உனக்குத் தெரியுமா?”

“போன வாரம் அம்மா கேட்டாங்க. நீ குளிச்சிட்டிருந்த.”

“நீ என்ன சொன்ன?”

“ஒண்ணும் சொல்லல.”

“இல்லைன்னு சொல்லியிருக்கலாமே.”

“சொல்லலாம்னுதான் வாயத் திறந்தேன். அதுக்குள்ள அழுதுட்டாங்க. சந்தோசத்துல.” ஜாக்கெட்டின் ஜிப்பை ஏற்றி ஏற்றி இறக்கினான். “போன தடவை அவங்களுக்கு இந்த அழுகை கெடைக்கவே இல்லையேன்னு தோணுச்சு, சாரு. ஒரு நிமிசம் கேட்டுட்டு நின்னுட்டேன்.”

போன தடவை. இந்த வீட்டுக்குள் அந்த இரண்டு வார்த்தையை யாரும் சொன்னதில்லை. மே மாதத்துக்குப் பிறகு இதுதான் முதல் முறை. 

நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.


ஜனவரி 16

எழுதிவிடுகிறேன். எழுதினால் என்ன, இது பூட்டிவைக்கிற நோட்டுதானே.

போன வசந்தத்தில் எனக்கு நாள் தள்ளிப்போனது. மருத்துவர் டிசம்பர் கடைசியில் பிறக்கும் என்று தேதி குறித்தார். மே மாதம் அது போய்விட்டது. அத்தை ஏற்கெனவே டிக்கெட் எடுத்திருந்தார். யாருக்கும் சொல்லவேண்டாம் என்று நவநீதனிடம் சத்தியம் வாங்கினேன். அடுத்த வாரம் அத்தை வந்து இறங்கினார். அந்தக் கோடை முழுக்க அவர் தொட்டியும் மண்ணும் வாங்கிச் செடி நட்டார், நான் தூக்கிக் கொடுத்தேன்.

அவ்வளவுதான். எழுதியதால் ஒன்றும் லேசாகவில்லை.


ஜனவரி 23

ஒவ்வொரு சாயங்காலமும் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு சாயங்காலமும் தண்ணீர் ஊற்றுகிறேன்.

அத்தை ஜூலையில் வரப்போகிறாராம், பிரசவம் பார்க்க. குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். கிடாயைக்கூடப் பார்த்துவிட்டாராம். “நல்ல கருப்புக் கெடா, அம்மிணி. சுழி சுத்தம்.” ஒரு ஆட்டின் உயிரும் இப்போது என் தலைமேல்.

நவநீதன் சொல்கிறான்: “இன்னுங் கொஞ்ச நாள் விட்டா அவங்களே மறந்துருவாங்க.”

எதை? ஒன்பது மாதத்தையா?


பிப்ரவரி 1, ஞாயிறு

காலையில் கறிவேப்பிலைத் தொட்டியிலிருந்து ஒரு வாடை. தண்டைப் பிடித்து லேசாக ஆட்டினேன், பல் ஆடுவது போல ஆடியது. உச்சியில் ஒரே ஒரு கொத்து இலை.

மதியத்துக்கு மேல் தரையில் பழைய செய்தித்தாளை விரித்துச் செடியைக் கவிழ்த்தேன். மண் சேறு. வேர்கள் கறுத்து, பிடித்தால் வழுக்கிக்கொண்டு தோல் கழன்று வந்தன. தினமும், கேமரா முன்னால், அக்டோபரிலிருந்து. மண் ஒரு நாளாவது காய விட்டிருக்கிறோமா? கத்தரியால் அழுகலை வெட்டிக்கொண்டே போனேன். கடைசியில் வெள்ளையாக, உறுதியாக நாலு வேர் மிஞ்சியது. சின்னத் தொட்டி, மணல் கலந்த காய்ந்த மண். இனி பல நாளைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது.

அப்போதுதான் உறைத்தது. இன்று சாயங்காலம் என்ன செய்வது? நான் ஊற்றினால் செடி செத்துவிடும். ஊற்றாவிட்டால் ஏன் என்று கேட்பார். எதைச் சொல்வது, எதிலிருந்து ஆரம்பிப்பது என்று மண்ணைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்ததில் நேரம் போனது தெரியவில்லை. போன் அடித்தபோது என் இரண்டு கையும் முழங்கை வரை சேறு.

“நான் பாத்துக்கறேன், நீ கை கழுவு” என்று நவநீதன் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனான்.

நல்ல எண்ணத்தில்தான் செய்தான். இதை எழுதும்போதும் அவனை ஒரு தட்டுத் தட்டலாம் போலிருக்கிறது. போனை அரிசி டின்மேல் சாய்த்துவிட்டு, பூவாளியை எடுத்துத் துளசிக்கு ஊற்ற ஆரம்பித்தான்.

குளியலறைக்குள் எனக்குக் கேட்டது அத்தையின் குரல், அடையாளமே தெரியாமல்.

“ஏன்டா. ஏன்டா நீ ஊத்தற?”

“சாருவுக்குக் கை...”

“சாரு எங்கடா?”

“உள்ளதாம்மா, பாத்ரூம்ல.”

“அய்யோ சாமி. கலைஞ்சிருச்சாடா?”

நான் சோப்பு நுரையோடு ஓடிவந்தேன். திரையில் அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார். நவநீதன் பூவாளியைப் பிடித்தபடி நின்றான். தண்ணீர் துளசித் தொட்டி நிரம்பித் தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

“அத்தை. இங்க பாருங்க. எனக்கு ஒண்ணுமில்ல.”

“பொய் சொல்லாத கண்ணு. அவன் ஊத்தறான். எனக்குத் தெரியாதா?”

“எதுவும் கலையலைங்கத்தை. இப்ப எதுவும் இல்லவே இல்ல. நான் எல்லா நாளும் ஊத்துனேன். அந்த மூணு நாளும் சேத்துத்தான். நவம்பர்ல இருந்து.”

அவருக்கு அது போய்ச் சேரக் கொஞ்ச நேரமாயிற்று. முந்தானையை வாயிலிருந்து எடுத்தார்.

“எல்லா நாளுமா?”

“ஆமாங்க.”

“தொளசிக்குமா?”

“தொளசிக்கும்தாங்க.”

அவர் முகம் இறுகியது. எனக்கு அது ஒரு வகையில் ஆறுதலாக இருந்தது. திட்டட்டும். திட்டு என்றால் பிடித்துக்கொண்டு நிற்கலாம்.

“அப்ப நானு கோயிலு கொளம்னு வேண்டுனது, கலைகிட்டச் சொன்னது, எல்லாம் என்னய வெச்சு வெளையாடுனீங்களா ரெண்டு பேரும்? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? என்ற மனசு என்ன பாடுபடும்னு நெனச்சியா நீ? இப்ப ஒரு நிமிசத்துல எனக்கு உசுரே போயிருச்சு. நெசமாலுமே போயிருச்சுன்னு நெனச்சு...”

மறுபடி அழுதார். அவர் அழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நாங்கள் யாரும் சத்தமாக அழாததை இவர் ஒருவர்தான் அழுகிறார் என்று தோன்றியது. விஷயம் சரிதான். மாதம்தான் தவறு.

“போச்சுங்கத்தை” என்றேன். “இப்ப இல்ல. மே மாசம்.”

நவநீதன் பூவாளியைக் கீழே வைத்தான்.

அத்தை அழுகையை நிறுத்தவில்லை, ஆனால் சத்தம் நின்றுவிட்டது. “எந்த மே?”

“போன மே. நீங்க வர்றதுக்கு முந்தின வாரம். இருபத்தேழாம் தேதி.”

திரை சட்டென்று கூரைக்குத் திரும்பியது. போனைக் கட்டிலில் போட்டுவிட்டார் போல. ஒரு மின்விசிறி, மூலையில் ஒட்டடை. எங்கோ குழாய்ச் சத்தம். நாங்கள் இருவரும் அந்த மின்விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றோம். நவநீதன் காலடியில் தண்ணீர் சாக்ஸை நனைத்துக்கொண்டிருந்தது. அவன் நகரவில்லை.

திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். பொட்டு அழிந்திருந்தது.

“இருவத்தேழு” என்றார். “அன்னைக்கு நானு உங்களுக்கு மொளகாப் பொடி அரைக்க மில்லுக்குப் போயிருந்தேன். ஒரே கூட்டம். நின்னு நின்னு அரைச்சுட்டு வந்தேன்.”

என் கையில் காய்ந்த சோப்பை உடையில் துடைத்துக்கொண்டேன்.

“வந்து எறங்கி, ஏர்போட்டுல உன்னயப் பாத்து, ‘ஏன்டா இவ இப்படி எளைச்சுப் போயிட்டா, சோறு பொங்கறதில்லையா’ன்னு அவனத்தான கேட்டேன். உன்னயக் கேக்கவே இல்லையே நானு.”

“விடுங்கத்தை.”

“மண்ணு மூட்டையெல்லாம் உன்னயத் தூக்க வெச்சனே.”

“அப்ப எனக்குச் சரியாயிருச்சுங்கத்தை.”

“என்ன சரியாயிருச்சு” என்றார் எரிச்சலோடு. அந்த எரிச்சல்தான் என்னை உடைத்துவிட்டது. தரையில், ஈரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் போனை வைக்கவில்லை. மூக்கு உறிஞ்சும் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில், “தரையத் தொடைங்க மொதல்ல. கீழ் வீட்டுக்கு எறங்கப்போகுது” என்று சொல்லிவிட்டு வைத்தார்.


பிப்ரவரி 2

அழைப்பு வரவில்லை.


பிப்ரவரி 3

இன்றும் வரவில்லை. ஏழு மணிக்கு நவநீதன் மூன்று முறை போனை எடுத்து சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தான்.

நான் இப்போது கவலைப்படுவது அவர் மௌனத்தை நினைத்து அல்ல. அந்த நேரத்தில் அவர் வேறு யாரை அழைத்துக்கொண்டிருப்பார் என்பதை நினைத்துத்தான். பல் வலியே திருப்பூர் வரை போனது. மே மாதம் எதுவரை போகும்? நங்கையா, நங்கையாவின் மாமியார், எதிர் வீடு, எதிர் வீட்டின் மருமகன். எல்லோரும் ஆளுக்கொரு டாக்டர் சொல்வார்கள். ஆளுக்கொரு கோயில் சொல்வார்கள். குரலைத் தாழ்த்தி, ‘எங்களுக்குத் தெரியும்’ என்ற தொனியில் என்னிடம் பேசுவார்கள். அந்தத் தொனிக்குப் பயந்துதான் அன்று சத்தியம் வாங்கினேன். இப்போது என் வாயாலேயே சொல்லிவிட்டேன்.

“அம்மாகிட்ட யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொல்லட்டுமா?” என்று நவநீதன் கேட்டான்.

“வேண்டாம். அதையும் சேத்துச் சொல்லுவாங்க.”


பிப்ரவரி 5

ஏழு மணிக்கு அழைத்தார். செடியைக் காட்டச் சொல்லவில்லை. கறிவேப்பிலை அழுகியதை நானாகச் சொன்னேன். தண்ணீர் அதிகமாகித்தான் என்றும் சொன்னேன். தீட்டு என்பார் என்று பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

“நாந்தான ஊத்து ஊத்துன்னேன்” என்றார். பிறகு, “நீ என்ன சாப்புட்ட?”

“உப்புமாங்க.”

“அதெல்லாம் ஒரு சாப்பாடா.”

இவ்வளவுதான் பேச்சு. வைத்த பிறகு அவர்மேல் கோபப்பட ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். உப்புமா பற்றிச் சொன்னது மட்டும்தான் கிடைத்தது.


பிப்ரவரி 8

நங்கையாவின் பெயர் போனில் தெரிந்தது. எடுக்காமல் விட்டேன். மறுபடி அடித்தது. எடுத்தேன்.

“சாரு, நீ மனசுல ஒண்ணும் வெச்சுக்காத” என்று ஆரம்பித்தார். வந்துவிட்டது, இதோ அந்தத் தொனி என்று சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“அம்மாவுக்கு வயசாயிருச்சு. அவங்களா எதையோ பாத்து, அவங்களா நாளத் தப்பா எண்ணி, அவங்களா முடிவு பண்ணிட்டாங்க. நானும் அதக் கேட்டுட்டுப் பொங்கலன்னைக்கு உன்னய வாந்தி இருக்குதான்னு கேட்டேன் பாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு.”

“அத்தையா சொன்னாங்க, தப்பா எண்ணிட்டேன்னு?”

“ஆமா. எங்கிட்ட மட்டுமா? பால்காரரு வரைக்கும் சேதி போயிருந்துச்சல்ல? இப்ப ஒவ்வொரு வீடா ஏறி, ‘எனக்குத்தான் கணக்குத் தப்பிருச்சு, எம்மருமவ ஒண்ணுஞ் சொல்லல’ன்னு சொல்லீட்டு வர்றாங்க. எல்லாருஞ் சிரிக்கறாங்க. கெடா விக்க வந்தவன் வேற, ‘ஏனுங்காத்தா, அடுத்த தடவையாவது பாத்து எண்ணுங்க’ன்னானாமா. எங்கம்மாவப் போயி எவனாவது அப்படிப் பேசிட்டுப் போக முடியுமா? ஒண்ணுமே சொல்லாம உள்ள வந்துட்டாங்க.”

ஜன்னலுக்கு வெளியே பனி அள்ளும் வண்டி பின்னோக்கி வரும் ‘பீப்’ சத்தம். அது நிற்கும் வரை காத்திருந்தேன்.

“வேற ஏதாவது சொன்னாங்களா நங்கையா?”

“வேற என்ன இருக்குது சொல்றதுக்கு?”

“ஒண்ணுமில்லைங்க. சும்மா கேட்டேன்.”

“இருந்தா சொல்லாம இருப்பாங்களா? எங்கம்மா வாயில ஒரு சேதி ஒரு மணி நேரம் நின்னு நீ பாத்திருக்கறயா?”

“இல்லைங்க நங்கையா,” என்றேன். “பாத்ததில்ல.”